ஒப்பந்தம், ராயல்டி, போலி இதழ்: ஆய்வாளர் கேள்விகளும் பதில்களும்

சேலம் மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் பதிப்புரிமை பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். வந்த கடிதங்களில் பல, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு எழுதியவை. போடுவதற்கு முன்னால் வந்த ஒரு கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

சேலம் வெண்பட்டு நெசவாளர்களைப் பற்றிய என் பிஎச்.டி. ஆய்வேட்டை நூலாகப் போட ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முடியும் வரை’ என்று இருக்கிறது. எனக்கு 5 பிரதி இலவசம்; 40 சதவீதக் கழிவில் 100 பிரதியை நானே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?
– உதவிப் பேராசிரியை, அஸ்தம்பட்டி

இப்படியே போடாதீர்கள். திருத்தம் கேளுங்கள். கேட்டால் இறங்கி வரும் பதிப்பகங்கள் நிறைய உண்டு. கேட்கும் ஆசிரியர்கள்தான் குறைவு.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை ஒரு தடவை படித்துவிட்டுப் பேச உட்காருங்கள். உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், எந்த நூல், என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது அது. ஆண்டு சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு என்று கணக்கு. நாடு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். மூன்றும் எழுதியவருக்குச் சாதகமான விதிகள்தான். ஆனால் ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் மட்டுமே அவை உதவிக்கு வரும். ‘உலகம் முழுவதும்’, ‘காலம் முடியும் வரை’ என்று உங்கள் படிவத்தில் போட்டிருப்பதால் அந்தப் பாதுகாப்பு கழன்று போகிறது. பதிப்புரிமைக் காலம் என்பது உங்கள் ஆயுளும், அதன்பின் 60 ஆண்டும். அத்தனையும் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

முதல் திருத்தம் இது. ‘பதிப்புரிமையை அளிக்கிறேன்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சு நூலாகவும் மின்னூலாகவும் இந்தியாவில் வெளியிட 5 ஆண்டுகளுக்குத் தனி உரிமம் அளிக்கிறேன், பதிப்புரிமை ஆசிரியருடையது’ என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், பாடநூல் தொகுப்பில் சேர்ப்பது ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் பேசிக்கொள்ளலாம். நூலின் உரிமைப் பக்கத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்பதை ப்ரூஃப் வரும்போது மறக்காமல் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றும் உரிமைப் பக்கத்தில் வேறொன்றுமாக அச்சாகிப் பின்னால் வழக்கு வரை போவதுண்டு.

அடுத்தது ராயல்டி. தமிழ்ப் பதிப்புலகில் வழக்கமாகப் பேசப்படுவது 10 சதவீதம். எதில் 10 சதவீதம் என்பதுதான் கேள்வி. நூலின் விலை 600 ரூபாய் என்று வையுங்கள். அச்சிட்ட விலையில் என்றால் பிரதிக்கு 60 ரூபாய். ‘நிகர வரவில்’ என்றிருந்தால், கடைக்கு 40 சதவீதக் கழிவு போக 360 ரூபாய்தான் வரவு, உங்களுக்கு 36. நூலகக் கொள்முதலுக்கு இன்னும் கழிவு கூடினால் இன்னும் குறையும். ‘அச்சிட்ட விலையில்’ என்ற சொல்லைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு என்ற கணக்கும் எழுத்தில் வர வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, உரிமை திரும்பி வரும் விதியை. ‘நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்று பழைய ஒப்பந்தங்களில் இருக்கும். இப்போது கேட்கக் கேட்க ஒன்றிரண்டு பிரதி அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறை வந்துவிட்டது. அதில் நூல் ஒருநாளும் ‘அச்சில் இல்லாமல்’ போகாது. உரிமையும் ஒருநாளும் திரும்பாது. ஆகவே ‘தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் 25 பிரதிக்குக் குறைவாக விற்றால், ஆசிரியர் எழுதிக் கேட்ட 60 நாளில் உரிமை திரும்பும்’ என்பதுபோல எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கையைப் பேசிக் கூட்டலாம், குறைக்கலாம். எண்ணிக்கை இல்லாத விதியால் பயனில்லை.

100 பிரதி வாங்கும் நிபந்தனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே 600 ரூபாய் விலையில் 36,000 ரூபாய். உள்ளூர் அச்சகத்தில் இதே பக்க அளவுக்கு 200, 300 பிரதிக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் 36,000 ரூபாயிலேயே அச்சுச் செலவின் பெரும்பகுதி அடைபட்டுவிடுகிறது என்றால், முதல் போடுகிறவர் நீங்கள். அதற்கேற்ற ராயல்டி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜாராம் மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக நூல் போடும் ஆசிரியரும் அங்கே இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்தின் இறுதியில் ‘இப்படைப்பு எந்த வடிவிலும் முன்பு வெளியானதில்லை, இதனால் எழும் எல்லா இழப்புக்கும் ஆசிரியரே பொறுப்பு’ என்று ஒரு உறுதிமொழி இருக்கும். பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் ஆய்வேடு ஏறியிருக்கும். அதைச் சொல்லாமல் இந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டால் முதல் நாளிலேயே ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். ‘ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டின் திருத்திய வடிவம்’ என்று அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள், முன்னுரையிலும் சொல்லிவிடுங்கள். ‘எல்லா இழப்புக்கும்’ என்பதை ‘ஆசிரியர் தெரிந்தே செய்த மீறலால் வரும் இழப்புக்கு’ என்று சுருக்குங்கள். தறிகளின் புகைப்படங்களில் பிறர் எடுத்தவை இருந்தால் அவர்களின் அனுமதிக் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பு பதிப்பகத்தின் தலையில் விழாது.

வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். இரண்டே நாளில் ‘ஏற்கப்பட்டது’ என்று மெயில் வந்துவிட்டது. 4,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். ‘யுஜிசி அங்கீகாரம் பெற்றது’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. கட்டலாமா?
– பகுதிநேர ஆய்வாளர், ஓமலூர்

கட்டாதீர்கள். தான் ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலையே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. நல்ல இதழை அடையாளம் காணும் அளவுகோல்களை மட்டும் ஆலோசனையாக வெளியிட்டு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் விட்டிருக்கிறது. ஆக, இன்றைய தேதியில் ‘யுஜிசி அங்கீகாரம்’ என்று போட்டுக்கொள்ளும் இதழ், இல்லாத ஒன்றைக் காட்டிப் பணம் கேட்கிறது.

அவசரப்படவும் தேவையில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் வந்த யுஜிசி பிஎச்.டி. ஒழுங்குமுறை நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம்; ஆய்வுப் பிரிவில் நடப்பு விதியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம்.

எந்த இதழானாலும் அனுப்புவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதழ்களுக்குத் தரப்படும் 8 இலக்க எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ அதன் இணைய வாசலில் போட்டு இதழின் பெயர், நாடு, வெளியிடுபவர் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்துவதாலேயே இதழ் தரமானது என்று ஆகிவிடாது, அது வெறும் அடையாள எண். பொருந்தாவிட்டால் அத்தோடு விட்டுவிடலாம். ‘ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உண்டு’ என்றால் ஸ்கோபஸின் சொந்தத் தளத்தில் உள்ள இதழ்ப் பட்டியலில் தேடுங்கள். அது எல்லாருக்கும் இலவசம். பெயர் இருந்தாலும் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்று பாருங்கள், நடுவில் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையையே விளம்பரம் செய்துகொண்டிருக்கும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர், கிளாரிவேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வருவது மட்டுமே. ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று அதற்கு முன்னால் அடைமொழி ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள். பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) டிஓஐ தளத்தில் ஒட்டிப் பாருங்கள், அந்தக் கட்டுரைக்கே போக வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு, ‘நீங்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா?’ என்று ஒரு வரி எழுதுங்கள். ‘எனக்கே தெரியாது’ என்று பதில் வரலாம்.

இவற்றைவிடச் சுலபமான சோதனை, கடைசி இதழைத் திறந்து பொருளடக்கத்தைப் படிப்பது. ஒரே இதழில் கான்கிரீட் வலிமை, மகளிர் சுயஉதவிக் குழு, சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை, நீரிழிவு மருந்து என்று வரிசையாக வந்தால், அத்தனையையும் படித்து மதிப்பிட அவர்களிடம் ஆளில்லை என்று அர்த்தம். உண்மையான மதிப்பாய்வுக்கு வாரங்கள், பல நேரம் மாதங்கள் ஆகும்.

இன்னொரு வகை ஏமாற்று, நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவது. அதனால் விளம்பரத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், ஐஎஸ்எஸ்என் பதிவில் காட்டும் முகவரி வழியாகவே இதழுக்குள் போங்கள்.

கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி, திறந்த அணுகலில் வெளியிடும் தரமான இதழ்கள் பல, மதிப்பாய்வு முடிந்து ஏற்ற பிறகு கட்டணம் வாங்குகின்றன. கட்டணமே வாங்காத திறந்த அணுகல் இதழ்களும் உண்டு. டிஓஏஜே என்ற பட்டியலில் ‘கட்டணம் இல்லை’ என்று வடிகட்டித் தேடலாம்.

உங்கள் கட்டுரையை இப்போது திரும்பப் பெற வேண்டும். ‘கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். எந்த உரிமை மாற்றப் படிவத்திலும் நான் கையெழுத்திடவில்லை. வெளியிடக் கூடாது’ என்று தேதியோடு மெயில் அனுப்புங்கள். ‘திரும்பப் பெறக் கட்டணம்’ என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். வேறு இதழுக்கு அனுப்பும்போது இந்த மெயில்களை இணைத்து நடந்ததை அதன் ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால் இரட்டைச் சமர்ப்பிப்பு என்ற பெயர் உங்களுக்கு வரும்; சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள்.

ஆங்கில ஆய்விதழில் வந்த என் கட்டுரையின் பிடிஎஃப்-ஐ கல்லூரித் தளத்தில் ஏற்றலாமா? மாணவர்களுக்காக அதைத் தமிழில் எழுதி ஒரு சிற்றிதழில் போடவும் ஆசை.
– இணைப் பேராசிரியர், மேட்டூர்

உங்கள் கட்டுரைக்கு மூன்று வடிவம் உண்டு. நீங்கள் முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட வேர்டு கோப்பு இரண்டாவது. இதழின் முத்திரை, பக்க எண்ணோடு வந்த பிடிஎஃப் மூன்றாவது. உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால் மூன்றாவதைப் பொதுவில் ஏற்றக் கூடாது. பல பதிப்பகங்கள் இரண்டாவதை நிறுவனக் களஞ்சியத்தில் 12 முதல் 24 மாதம் கழித்து ஏற்ற விடுகின்றன. உங்கள் இதழ் எதை அனுமதிக்கிறது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் இதழின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். முன்பு ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் இருந்தது. அந்த இரண்டாவது கோப்பைத்தான் நிறையப் பேர் அழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு அதையும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.

மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி பிஒய் உரிமத்தில் கட்டுரை வந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. இறுதிப் பிடிஎஃப்-ஐயே மூல இணைப்போடு ஏற்றலாம்.

தமிழாக்கம்தான் பலருக்கு அதிர்ச்சி தரும் இடம். மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்குள் அடக்கம். எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருந்தால் உங்கள் கட்டுரையை நீங்களே தமிழாக்க அவர்களின் அனுமதி வேண்டும். இதழின் அனுமதிப் பிரிவுக்கு எழுதுங்கள்: சிற்றிதழின் பெயர், எத்தனை பிரதி, இலவசமா விற்பனையா, மூலத்தைக் குறிப்பிடுவேன் என்ற உறுதி. இப்படித் தெளிவாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். அனுமதி வருவதற்குள் வேறு வழியும் உண்டு. கருத்துக்கும் தரவுக்கும் பதிப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அதே ஆய்வை மாணவர்களை மனத்தில் வைத்துப் புதிதாக, வேறு அமைப்பில், வேறு எடுத்துக்காட்டோடு எழுதினால் அது புதிய கட்டுரை. இனிமேல் கையெழுத்திடும்போது ‘இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிடும் உரிமை ஆசிரியருக்கே’ என்ற வரியைச் சேர்த்து அனுப்புங்கள். தமிழில் அறிவியல் வளர வேண்டும் என்று ஆசைப்படும் ஒவ்வொரு ஆசிரியரும் இந்த வரியைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வகுப்பில் நகல் கொடுப்பதற்குத் தடையில்லை. பயிற்றுவிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் அதை விரிவாகவே உறுதிசெய்தது.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறேன். நூலாகவும், யூடியூபிலும் வெளியிட எண்ணம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அவர்கள் சொன்ன மூலிகை விவரங்களையும் சேர்க்கலாமா?
– நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், ஏற்காடு

தலைமுறை தலைமுறையாக வரும் பாட்டுக்கு ஆசிரியர் யார் என்று தெரியாது. ஆனால் உங்கள் முன் உட்கார்ந்து பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு வரை அது செல்லும். ஆய்வுக்காகவோ பாடம் நடத்தவோ மட்டும் பதிவு செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு மீறலாகக் கொள்வதில்லை. யூடியூபில் ஏற்றுவது அந்த விலக்குக்குள் வராது. அதற்குப் பாடியவரின் சம்மதம் வேண்டும்.

சம்மதத்தை ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டாக வாங்காதீர்கள். ரெக்கார்டரை ஓடவிட்டு, பாட்டுக்கு முன் தமிழிலேயே கேளுங்கள். ‘பாட்டி, உங்க பேரும் ஊரும் சொல்லுங்க. இந்தப் பாட்டை என் படிப்புக்குப் பதிவு பண்றேன். புஸ்தகத்துல போடலாமா? செல்போன்ல எல்லாரும் பாக்குற மாதிரி ஏத்தலாமா? உங்க பேரைப் போடலாமா, வேண்டாமா? இதுல காசு வந்தா எப்படிப் பிரிச்சுக்கலாம்?’ ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். புத்தகத்துக்குச் சரி, இணையத்துக்கு வேண்டாம் என்பவர்கள் உண்டு. மொத்தமாக ‘சரிதானே?’ என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது முறையல்ல. சாவு வீட்டிலும் சாமி கும்பிடும் இடத்திலும் மட்டும் பாடும் பாட்டை வெளியே ஒலிக்கவிடலாமா என்று ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். சட்டம் இதைக் கேட்பதில்லை, ஊர் கேட்கும்.

பதிவு செய்த ஒலிக்கு உரிமை, பொதுவாகப் பதிவு செய்த உங்களுடையது. நீங்கள் எழுதும் குறிப்பும் விளக்கமும் உங்களுடையவை. பாடியவர்களின் பெயர், ஊர், தேதியை நூலின் பின்னிணைப்பில் ஒரு மூலையில் தள்ளாமல் ஒவ்வொரு பாட்டின் கீழும் போடுங்கள். பதிவுகளின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் ஊருக்கே கொடுத்துவிடுங்கள்.

மூலிகை விவரத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எந்தச் செடி, எந்த நோய்க்கு, எந்த அளவில் என்று அச்சிட்டுவிட்டால் அது பொதுவெளிக்குப் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. சொன்ன வைத்தியர் அதைச் சம்மதித்தே சொன்னாரா என்பதை எழுத்தில் வையுங்கள். ஆர்க்கிட் போன்ற அரிய செடிகளின் இடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு அச்சிட வேண்டாம். ‘சேர்வராயன் மலை’ என்று மட்டும் போட்டால் போதும். துல்லியமான இடம் வெளியே தெரிந்தால் பிடுங்கி விற்க ஆள் வந்துவிடும்.

மரவள்ளி ஆலையின் திப்பியிலிருந்து மட்கும் தட்டு செய்யும் முறை ஒன்றை எங்கள் மாணவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அடுத்த மாதக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கலாமா, பேட்டன்ட் வாங்கிவிட்டு வாசிக்கலாமா?
– பொறியியல் கல்லூரி ஆசிரியர், ஆத்தூர்

வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மனு போட்டுவிட்டு வாசியுங்கள். வெளியே சொல்லிவிட்ட கண்டுபிடிப்பு ‘புதியது’ என்ற தகுதியை இழந்துவிடும். கருத்தரங்க மலர், போஸ்டர், யூடியூப் செயல்விளக்கம், களஞ்சியத்தில் ஏறிய ஆய்வேடு, எல்லாமே வெளியே சொன்னதுதான். கற்றோர் அவையில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை இந்தியப் பேட்டன்ட் சட்டத்தில் உண்டு. ஆனால் அது குறுகியது, ஐரோப்பாவில் உதவாது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

செய்ய வேண்டியது: முறையை, விகிதத்தை, வெப்பநிலையை, நேரத்தை, நீங்கள் முயன்ற மாற்று வழிகளை எழுதித் தற்காலிக விவரக்குறிப்பாக இணையத்தில் தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய். தேதி பதிவானதும் மறுநாளே கட்டுரை வாசிக்கலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும், காலண்டரில் குறித்து வையுங்கள். தற்காலிகக் குறிப்பில் எழுதாத ஒரு மேம்பாட்டைக் கட்டுரையில் சொல்லிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த மேம்பாட்டுக்கு முதல் தேதி கிடைக்காது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். படிவத்தில் இந்திய உயிரியல் வளம் பயன்பட்டதா என்ற உறுதிமொழி வரும். தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே கேட்டுத் தெளிந்த பிறகு நிரப்புங்கள். கண்டுபிடித்த மாணவர் எல்லார் பெயரும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் வர வேண்டும்.

கட்டுரை முழுவதும் நான் எழுதியது. நெறியாளர் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்.
– ஆய்வாளர், வாழப்பாடி

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ வகுத்து, பல இதழ்கள் ஏற்றுக்கொண்ட வரையறையில் ஆசிரியர் ஆவதற்கு நான்கு நிபந்தனை, நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவுக்கு ஒப்புதல், கட்டுரைக்கு முழுப் பொறுப்பு. உங்கள் நெறியாளர் ஆய்வை வடிவமைத்துத் திருத்தியும் கொடுத்திருந்தால் அவர் ஆசிரியர்தான், வரிசை மட்டுமே பேச வேண்டியது. நண்பருக்கு நன்றியுரையில் இடமுண்டு.

நேரடியாக மறுத்துப் பேசுவது எளிதல்ல என்று எங்களுக்குத் தெரியும். ‘ஐயா, இதழ்க்காரங்க பங்களிப்பு அட்டவணை கேக்குறாங்க, நீங்களே பார்த்து நிரப்பிக் கொடுங்க’ என்று 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட கிரெடிட் அட்டவணையைக் கொடுங்கள். வெற்றுக் கட்டங்களைப் பார்த்ததும் பேச்சு மாறும். மாறாவிட்டால் துறை ஆய்வுக்குழுவில் எழுத்தில் கேளுங்கள். வரைவுகளைத் தேதியோடு வைத்திருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கென்று கட்டுரையில் சொல்லுங்கள்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 14 சதவீதம் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– ஆய்வாளர், சங்ககிரி

பயம் வேண்டாம், எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை. திருத்தி 6 மாதத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்கலாம். 40க்கு மேல் 60 வரை ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, மேற்கோளும் மூலமும் காட்டிய பகுதிகள், சட்ட வாசகங்கள், சமன்பாடுகள் எல்லாம் கணக்கில் சேராது. பொதுவாக வழங்கும் சொற்கள் தொடர்ந்து 14 வரை ஒத்திருந்தாலும் சேராது. மென்பொருளில் இந்த விலக்குகளை டிக் செய்துதான் அறிக்கை எடுத்தார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். பல நேரம் அங்கேயே எண் இறங்கிவிடும். மீதி இருப்பதில் சொற்களை மட்டும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை எழுதி, யார் சொன்னது என்று குறிப்பிடுங்கள்.

நூலைப் பதிவு செய்தால்தான் உரிமை கிடைக்குமா?
– வாசகர், தாரமங்கலம்

எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு, நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்று. இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய், இணையத்தில் விண்ணப்பம்; டைரி எண் வந்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. பாடநூலும் அதிகம் விற்கும் நூலும் என்றால் செய்துகொள்ளுங்கள்.

சேலம் வரலாறு எழுதுகிறேன். பழைய மாவட்டக் கையேட்டு வரைபடம், இணையத்தில் கிடைத்த ஏற்காட்டுப் படங்கள், பாரதிதாசன் கவிதை, இன்றைய கவிஞர் ஒருவரின் கவிதை எல்லாம் சேர்க்க வேண்டும். எதற்கு அனுமதி தேவை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை

லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெசட்டியரும் அரசு வெளியீடுகள். அரசு நூலுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. வரைபடங்களையும் தாராளமாக எடுக்கலாம். அண்மையில் யாரோ மறுபதிப்புப் போட்டு ‘அனைத்து உரிமையும் எமக்கே’ என்று அச்சிட்டிருந்தாலும், அவர்களுக்கு உரியது அவர்கள் எழுதிய புது முன்னுரையும் குறிப்பும் மட்டுமே.

பாரதிதாசன் படைப்புகள் நாட்டுடைமையானவை. அவர் மறைந்தது 1964இல் என்பதால் 60 ஆண்டுக் காலமும் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு, நாட்டுடைமைப் பட்டியலைத் தமிழ் வளர்ச்சித் துறையில் சரிபாருங்கள். இன்றைய கவிஞரின் வரிகளை எடுத்து ஆராய்வது நியாயமான பயன்பாடு. ‘நாலு வரி வரை போடலாம்’, ‘10 சதவீதம் போடலாம்’ என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உங்கள் வாதத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. முழுக் கவிதையையும் அழகுக்காக முகப்பில் போடுவதென்றால் கேட்டுவிடுங்கள்.

இணையப் படங்களில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கூகுள் படத்தைக் காட்டுகிறது, அதற்குச் சொந்தக்காரர் வேறு யாரோ. 1950க்கு முன் அச்சில் வந்த புகைப்படம் என்றால் பொதுவாக உரிமைக் காலம் முடிந்திருக்கும். இன்று எடுத்த படத்துக்கு, எடுத்தவரின் ஆயுளும் 60 ஆண்டும். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்காடு ஏரி, சேர்வராயன் கோயில் என்று தேடி எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உள்ள உரிமத்தைப் படித்து, படத்துக்குக் கீழேயே எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், இணைப்பு மூன்றையும் அச்சிடுங்கள். வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் ‘வெட்டப்பட்டது’ என்றும் சேர்க்க வேண்டும். கெசட்டியர் வரைபடத்துக்கு அனுமதி வேண்டாம் என்றாலும், ‘சேலம் மாவட்ட கெசட்டியர், 1918’ என்று ஆண்டோடும் பக்க எண்ணோடும் போடுங்கள்.